கம்ப்ரசர் சத்தம் சுவரைத் தாண்டும் வழிகள்

தொண்டையார்பேட்டையில் குடியிருப்பவர் சத்தத்தைப் பற்றிப் பேசினால் கேட்பவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள், கொருக்குப்பேட்டைப் பக்கம் பெட்டிகள் மோதிக்கொள்ளும் சரக்கு ரயில்கள், காசிமேட்டில் விடியலுக்கு முன்பே புறப்படும் விசைப்படகுகள் என்று எங்கள் பகுதிக் காதுகள் எத்தனையோ இரைச்சலுக்குப் பழகியவை. அப்படிப் பழகிய காதுகள்கூட, ஒரு வீட்டின் பின்னறையில் ஓடுகிற 2 எச்.பி. ஏர் கம்ப்ரசரைப் பொறுத்துக்கொள்வதில்லை. லாரி வருவதும் போவதும் தெருவின் பொதுச் சத்தத்தில் கரைந்துவிடுகிறது. கம்ப்ரசரோ முன்னறிவிப்பு இல்லாமல் ஓடத் தொடங்கி, ஓடும் வரை ஒரே சுருதியில் இடித்து, சட்டென்று நின்று, சில நிமிடங்களில் மறுபடியும் தொடங்குகிறது. அது அடுத்து எப்போது தொடங்கும் என்று காத்திருப்பதே பக்கத்து வீட்டுக்காரருக்குப் பெரிய தொந்தரவு.

நான் ஓய்வு நேரத்தில் பழைய கேரம் போர்டுகளைப் பழுதுபார்த்து, தேய்த்து, லாக்கர் என்னும் வழுவழுப்பான மேற்பூச்சை அடித்துக் கொடுக்கிறவன். வடசென்னையில் தெருவுக்குத் தெரு கேரம் ஆட்டம் உண்டு என்பதால் இந்த வேலைக்குக் குறைவில்லை. லாக்கரைத் தூரிகையால் இழுத்தால் கோடு விழும். ஸ்பிரே கன்னில் அடித்தால்தான் காய் வழுக்கும் பரப்பு கிடைக்கும். அதற்காக வாங்கியதுதான் இந்த கம்ப்ரசர். மோட்டாரின் தண்டிலேயே பிஸ்டனை நேரடியாகப் பூட்டிய, ஒற்றை சிலிண்டர் கொண்ட, 50 லிட்டர் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கிற சாதாரண வகை. எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்பவை. அந்தச் சுவருக்கு அப்பால் இருக்கும் ஆயா ஒருநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இது: “நைனா, உன் மிசினு சத்தம் காதுல கேக்கல. படுத்தா தலகாணிக்குள்ள இடிக்குது.”

அந்த ஒரு வாக்கியத்தில் ஒலியியலின் பாதி இருக்கிறது. எனக்கு எரிச்சலூட்டியது வேறு சத்தம்: உலோகம் தட்டுகிற கடகடப்பும் காற்றின் சீறலும். ஆயாவுக்கு அவை எட்டவே இல்லை. அவருக்குப் போய்ச் சேர்ந்தது அடித்தொண்டை உறுமல் மட்டும். கம்ப்ரசரின் சத்தத்தைக் குறைக்க இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் ஒரு மரப்பெட்டி செய்து அதை மூடிவிடப் பார்க்கிறார்கள். பெட்டி அறைக்குள் நிற்பவரின் காதைக் காப்பாற்றும். பக்கத்து வீட்டுத் தலையணைக்கு அது ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

நம் ஊரில் ஒற்றை பேஸ் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரண்டு துருவ மோட்டார் அதில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2850 சுற்று ஓடும். நேரடி இணைப்பு என்பதால் பிஸ்டனும் அதே வேகத்தில் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை காற்றை உறிஞ்சுவதால், நொடிக்கு 47 அல்லது 48 முறை காற்று இழுக்கப்படுகிறது. ஆகவே உறுமலின் அடிப்படைச் சுருதி சுமார் 47.5 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளான 95, 142 ஹெர்ட்ஸ் ஆகியவையும் கூடவே வரும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாக் கணக்கும் எளிதாகிவிடும்.

கைபேசியில் டெசிபல் காட்டும் செயலியை நம்பி இதை அளக்கக் கூடாது என்பதற்கும் இந்த எண்தான் காரணம். பெரும்பாலான அளவீடுகள் மனிதக் காதின் உணர்திறனை ஒட்டிய ‘ஏ’ எடையிடலைப் பயன்படுத்துகின்றன. அதில் 50 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து 30 டெசிபலைக் கழித்துவிடுவார்கள். சன்னமாகக் கேட்கும் ஒலிக்கு அது நியாயமான கழிவு. ஆனால் சுவரையும் கட்டிலையும் அதிர வைக்கும் ஒலி, மீட்டரில் சிறிய எண்ணாகத் தெரிந்து ஏமாற்றிவிடும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வகுத்திருப்பதும் இந்த ‘ஏ’ அளவில்தான். மீட்டர் 50 என்று காட்டுவதால் பக்கத்து வீட்டுக்காரர் பொய் சொல்கிறார் என்று ஆகிவிடாது. செயலியை ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் வைத்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்தலாம்.

டெசிபலைக் கூட்டும் விதமும் பலரைத் திகைக்க வைக்கும். கம்ப்ரசர் காற்றை உள்ளே இழுக்கும் உறிஞ்சு வாயிலிருந்து 86 டெசிபலும், மோட்டார் விசிறி முதலான மற்றவற்றிலிருந்து 80 டெசிபலும் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்தால் 87 தான். மோட்டார் விசிறியின் சத்தத்தை அறவே ஒழித்தாலும் 86 மிஞ்சும், அந்த வித்தியாசத்தைக் காது உணராது. உறிஞ்சு வாயை அடக்கினால் ஒரே அடியில் 7 டெசிபல் இறங்கும். எனவே பெரிய சத்தம் எது என்று கண்டுபிடித்து அதை முதலில் அடக்க வேண்டும். அது அடங்கிய பிறகு அடுத்த பெரியது எது என்று பார்க்க வேண்டும். வரிசை மாறினால் காசுதான் கரையும்.

எது பெரியது என்று தெரிந்துகொள்ள, செலவில்லாத இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது, பழைய ஸ்கூட்டர் ட்யூப் ஒன்றில் அரைகுறையாகக் காற்றடித்து, அதன் மேல் ஒரு பலகையை வைத்து, கம்ப்ரசரைச் சாயாதபடி ஏற்றிச் சிறிது நேரம் ஓட்டுவது. அந்த நேரம் முழுவதும் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அப்போது பக்கத்து வீட்டில் உறுமல் குறைந்தால் சத்தம் தரை வழியாகப் போகிறது என்று பொருள். இரண்டாவது, ஏர் ஃபில்டரைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு தடித்த ஹோஸை மாட்டி, அதன் மறுமுனையை ஜன்னலுக்கு வெளியே தெருப்பக்கம் விடுவது. அறைக்குள் சத்தம் சட்டென்று இறங்கினால் குற்றவாளி உறிஞ்சு வாய். சோதனையை ஓரிரு நிமிடத்தில் முடித்துவிட வேண்டும், ஃபில்டர் இல்லாமல் தூசி உள்ளே போய்விடும். என் அறையில் இரண்டுக்கும் பதில் ‘ஆம்’ என்றே வந்தது, ஆனால் உறிஞ்சு வாயின் பங்கு மிகப் பெரியதாக இருந்தது. சிறிய பிஸ்டன் கம்ப்ரசர்களில் பெரும்பாலும் அப்படித்தான். தலைப்பகுதியில் திருகியிருக்கும் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் ஃபில்டர் தூசியை வடிகட்டுமே தவிர, காற்றின் துடிப்பை அது தடுப்பதே இல்லை.

அந்தத் துடிப்பை அடக்கும் வழி, கார், மோட்டார் சைக்கிள் எஞ்சின்களில் எத்தனையோ காலமாக இருந்து வருவதுதான். பிஸ்டனுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே ஒரு காலி அறையை வைத்து, அந்த அறைக்கு ஒரு சிறு குழாயை வாலாக மாட்டுகிறோம். அறைக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங் போலவும், வால் குழாய்க்குள் இருக்கும் காற்று அதில் கட்டிய எடை போலவும் நடந்துகொள்ளும். அந்த இரண்டும் சேர்ந்து ஆடும் இயல்பான அதிர்வெண், நம் 47.5 ஹெர்ட்ஸைவிட நன்றாகக் கீழே இருந்தால், பிஸ்டனின் துடிப்பு அறைக்குள்ளேயே தணிந்து, வெளியே சீரான காற்றோட்டம் மட்டும் இருக்கும்.

அளவு இங்கே மிக முக்கியம். அறையின் கொள்ளளவு 10 லிட்டர், வால் குழாயின் உள்விட்டம் 25 மில்லிமீட்டர், நீளம் அரை மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் இயல்பான அதிர்வெண் 17 அல்லது 18 ஹெர்ட்ஸ் வரும். அது 47.5இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்பதால், அடிப்படைச் சுருதியிலேயே 15 டெசிபலை ஒட்டிக் குறைவு கிடைக்கும். அதே வால் குழாயை 2 லிட்டர் டப்பாவில் மாட்டினால் அதிர்வெண் 39 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அது 47.5க்கு மிக அருகில் இருப்பதால் சத்தம் குறையாமல், சில நேரம் கூடவும் செய்யும். ‘சைலன்சர் மாட்டினேன், ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்கிறவர்களில் பலர் மாட்டியது இப்படிப்பட்ட சிறு டப்பாவாகத்தான் இருக்கும்.

10 லிட்டர் இரும்பு அறைக்கு எங்கே போவது? பழைய இரும்புக் கடையில் 9 லிட்டர் தண்ணீர் வகைத் தீயணைப்பான் உருளைகள் எடைக்குக் கிடைக்கும். அழுத்தம் முழுவதும் வெளியேற்றப்பட்டு, தலை கழற்றப்பட்ட உருளையைத்தான் வாங்க வேண்டும். தலை மூடியிருப்பதைத் தொடவே கூடாது. உள்ளே நன்றாகக் கழுவிக் காயவைத்து, ஒரு பக்கம் கம்ப்ரசருக்குப் போகும் நிப்பிளும் மறுபக்கம் வால் குழாயும் பொருத்தினால் போதும். பிளாஸ்டிக் கேன் வேண்டாம். அதன் மெல்லிய சுவர் துடிப்போடு சேர்ந்து உப்பியும் அமுங்கியும் தானே ஒரு ஒலிபெருக்கியாக மாறிவிடும். உருளையின் உட்புறத்தில் துரு பெயரும் என்பதால் ஃபில்டரை வால் நுனியில் மாட்டாமல், உருளைக்கும் கம்ப்ரசர் தலைக்கும் இடையில் மாட்ட வேண்டும். கடல் காற்று வீசும் ராயபுரம், காசிமேடு பக்கம் இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது. நிப்பிள், சாக்கெட், கம்பி போட்ட உறிஞ்சு ஹோஸ் எல்லாம் பாரிமுனைப் பக்கத்துக் குழாய்க் கடைகளில் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

ஹோஸின் நீளத்திலும் ஒரு பொறி உண்டு. பிஸ்டன் பக்கம் மூடியும் மறுபக்கம் திறந்தும் இருக்கும் குழாய், தன் நீளத்தைப் போல நான்கு மடங்கு அலைநீளமுள்ள ஒலிக்கு ஒத்ததிரும், அதாவது அந்த ஒலியோடு சேர்ந்து அதிர்ந்து அதைப் பெருக்கும். சென்னையின் 32 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர். அப்படியானால் 47.5 ஹெர்ட்ஸின் அலைநீளம் 7.4 மீட்டர், அதில் கால் பங்கு 1.84 மீட்டர், அதாவது ஆறடி. கடைக்காரரிடம் ‘ஆறடி ஹோஸ் கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கி, உறிஞ்சு வாயில் மாட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டால், இருக்கும் நீளங்களிலேயே மோசமான நீளத்தைத் தேர்ந்தெடுத்தவர்களாவோம். கம்ப்ரசருக்கும் உருளைக்கும் இடையே உள்ள இணைப்பு ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும். வெளியே விடும் குழாயை உருளைக்குப் பிறகு மாட்டினால் துடிப்பு அதற்குள் அடங்கிவிட்டிருக்கும்.

உறிஞ்சு பக்கத்துக்குப் பி.வி.சி. குழாய் போட்டால் தவறில்லை, அங்கே அழுத்தம் கிடையாது. டேங்கிலிருந்து வெளியே போகும் பக்கத்துக்கு மட்டும் அதை ஒருபோதும் போடக் கூடாது. அழுத்தக் காற்றில் அது வெடித்தால் சில்லுகள் கத்தி போலப் பறக்கும்.

அறையின் அளவு இந்தக் கதையில் எதிர்பாராத ஒரு பாத்திரம். என் பின்னறையின் நீளம் பன்னிரண்டு அடி, அதாவது 3.66 மீட்டர். 47.5 ஹெர்ட்ஸ் அலையின் பாதி நீளமும் ஏறக்குறைய அதுவே. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அரை அலை சரியாகப் பொருந்தும்போது அறையே ஒத்ததிர்கிறது. அதன் அழுத்தம் இரண்டு சுவர்களை ஒட்டி மிக அதிகமாகவும் நடுவில் மிகக் குறைவாகவும் இருக்கும். கம்ப்ரசர் ஏதாவது ஒரு சுவரோரத்தில் இருந்தால் அந்த ஒத்ததிர்வை முழு வலுவோடு தூண்டும். நீளவாக்கில் நடுப்பகுதிக்கு நகர்த்தினால் தூண்டுதல் மிகவும் தளர்ந்துவிடும். இந்தப் பக்கத்துப் பழைய வரிசை வீடுகளில் ஒரு வீட்டின் அறை அளவே பக்கத்து வீட்டிலும் இருப்பது வழக்கம் என்பதால், ஆயாவின் அறையும் ஏறக்குறைய பன்னிரண்டு அடிதான். அவர் கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது. கூடத்தில் உட்கார்ந்தால் ஒன்றும் தெரியவில்லை, படுத்தால்தான் இடிக்கிறது என்று அவர் சொன்னதன் காரணம் அதுவே.

மூலையில் வைப்பதும் நல்லதல்ல. திறந்த தரையில் இருப்பதைவிட ஒரு சுவரோரம் வைத்தால் தாழ்ந்த சுருதி சுமார் 3 டெசிபல் வரை கூடும், இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் 6 டெசிபல் வரை கூடும். இடத்தை அடைக்காமல் ஒரு மூலையில் ஒதுக்கி வைக்கலாம் என்ற நம் இயல்பான எண்ணம் இங்கே நமக்கு எதிராகவே வேலை செய்கிறது.

அடுத்தது தரை. ரப்பர் வைத்தால் அதிர்வு போய்விடும் என்பது பாதி உண்மை. ரப்பரின் மேல் நிற்கும் எந்திரத்துக்கும் ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. அது எந்திரத்தின் எடையால் ரப்பர் எவ்வளவு அமுங்குகிறது என்பதைப் பொறுத்தது. 0.1 மில்லிமீட்டர் மட்டுமே அமுங்கும் கெட்டி ரப்பரில் அது 50 ஹெர்ட்ஸ். நம் கம்ப்ரசரின் 47.5க்கு அருகில் வந்துவிட்டதால் அதிர்வு குறைவதற்குப் பதிலாகப் பெருகும்! 1 மில்லிமீட்டர் அமுங்கினால் 16 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கும், தரைக்குப் போகும் அதிர்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். முப்பது கிலோ எந்திரத்துக்குக் கீழே முழு ரப்பர் தாளை விரிப்பதால் பயனில்லை என்பது இதிலிருந்து தெரியும். எடை பரவிவிடுவதால் ரப்பர் அமுங்குவதே இல்லை. மெத்தென்ற ரப்பரைச் சிறு துண்டுகளாக வெட்டி, கால்களுக்கு நேர் கீழே மட்டும் வைத்து, எடை ஏறுவதற்கு முன்னும் பின்னும் உயரத்தை வெர்னியரில் அளந்து பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும் வரை துண்டின் அளவைக் குறைத்துக்கொண்டே போகலாம்.

எந்திரத்தைத் தளர்வாக நிறுத்தினால் நகர்ந்துகொண்டே போகும் என்று பயந்து தரையில் போல்ட் போட்டு இறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் தரை முழுவதும் கம்ப்ரசரின் உறுப்பாகிவிடும். ஜி.ஐ. குழாயை டேங்கிலிருந்து நேராகச் சுவருக்கு ஓட்டிக் கிளாம்ப் அடிப்பதும் அப்படியே. டேங்கை விட்டு வெளியே வரும் முதல் இரண்டடியாவது நெகிழும் ஹோஸாக இருக்க வேண்டும்.

கீழே தொந்தரவு என்று மொட்டை மாடிக்குக் கொண்டுபோவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. மண்ணின் மேல் கிடக்கும் தரை வளையாது, நான்கு சுவர்களின் மேல் படுத்திருக்கும் கான்கிரீட் தளம் வளைந்து அதிரும். மேலே வைத்த கம்ப்ரசர் கீழே இருக்கும் எல்லா அறைகளின் கூரையையும் ஒரே நேரத்தில் பேச வைத்துவிடும். போதாக்குறைக்கு வெயிலும் மழையும் வேறு. மாடிப்படிக்குக் கீழே உள்ள இடமும் ஏறக்குறைய இதே வகையைச் சேர்ந்ததுதான்.

பெல்ட் வைத்த கம்ப்ரசர் உள்ளவர்களுக்கு என்னிடம் இல்லாத ஒரு வசதி உண்டு: வேகத்தை அவர்களே குறைத்துக்கொள்ளலாம். 1440 சுற்று மோட்டாரில் 6 அங்குலப் புல்லியும் பம்பில் 10 அங்குலச் சக்கரமும் இருந்தால் பம்ப் 864 சுற்றில் ஓடும். மோட்டார் புல்லியை மட்டும் 4.5 அங்குலத்துக்கு மாற்றினால் 648 ஆகிவிடும். காற்று நான்கில் ஒரு பங்கு குறையும், பதிலுக்கு வால்வுத் தகடுகளின் தட்டலும் உறிஞ்சலின் உறுமலும் கேட்டவுடன் தெரியும் அளவுக்குத் தணியும், மோட்டார் இழுக்கும் மின்சாரமும் குறையும். ஆனால் இந்தப் பம்புகள் பெரும்பாலும் கிராங்கின் அடியில் உள்ள சிறு கரண்டி எண்ணெயை வாரித் தெளிப்பதால் மசகு பெறுபவை. வேகம் மிகவும் இறங்கினால் எண்ணெய் மேலே எட்டாது. தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச வேகத்தைப் பார்த்துக்கொண்டு அதற்கு மேலேயே நிற்க வேண்டும். 864 சுற்றுப் பம்பின் அதிர்வு 14 ஹெர்ட்ஸ்தான் என்பதால், மேலே சொன்ன 1 மில்லிமீட்டர் ரப்பர் இவர்களுக்கு உதவாது, கெடுதலே செய்யும். 10 மில்லிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங் கால்கள் தேவை. அவை 5 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்கிக்கொடுக்கும்.

சில்லறை வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் நிற்கும்போது பிரஷர் சுவிட்ச் பக்கத்திலிருந்து வரும் ‘புஸ்’ என்ற சத்தத்துக்கு, வெண்கலத் துகள்களை இறுக்கிச் செய்த விரல் நுனி அளவு சைலன்சர்கள் கிடைக்கின்றன. அவற்றைத் திருகினால் போதும். அந்தத் துளையை அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் அடுத்த முறை மோட்டார் தேங்கிய அழுத்தத்தை எதிர்த்துக் கிளம்ப வேண்டியிருக்கும், ஓவர்லோடு சுவிட்ச் விழுந்து மோட்டார் நின்றுவிடும். சேஃப்டி வால்வைத் தொடவே வேண்டாம். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவைப் பார்த்து அடைத்தால், யாரும் வேலை செய்யாத நேரத்தில் கம்ப்ரசர் தானாகக் கிளம்புவது நின்றுவிடும். என் அனுபவத்தில் அக்கம்பக்கத்தாரை அதிகம் சினமூட்டுவது இப்படிக் காரணமில்லாமல் கிளம்பும் சத்தம்தான். ஸ்பிரே கன்னுக்கு 3 பார் அழுத்தம் போதும் என்றால் டேங்கை 8 பார் வரை ஏற்றுவதற்கு அவசியமில்லை, 6இல் நிறுத்தினால் ஒவ்வொரு ஓட்டமும் சீக்கிரம் முடியும்.

இனிப் பெட்டிக்கு வருவோம். சத்தத்தைத் தடுப்பது எடை. சுவரின் எடை இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும், ஒலியின் அதிர்வெண் இரட்டிப்பானாலும் அதே 6. 18 மில்லிமீட்டர் ப்ளைவுட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 12 கிலோ. 1000 ஹெர்ட்ஸ் கடகடப்பை அது கணக்குப்படி 30 டெசிபலுக்கு மேல் தடுக்கும். 47.5 ஹெர்ட்ஸ் உறுமலைத் தடுப்பது 8 டெசிபல் என்றால் அதுவே அதிகம். உள்ளே ஒட்டும் 50 மில்லிமீட்டர் ராக்வூல் என்னும் கல்லிழைப் பஞ்சு, மேல்சுருதியை அருமையாக உறிஞ்சும், 7 மீட்டர் அலைநீளத்துக்கு அது இருப்பதே தெரியாது. பெட்டி எனக்கு உதவும், ஆயாவுக்கு உதவாது என்று தொடக்கத்தில் சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான். இடம் இருப்பவர்கள் கொல்லையில் நான்கரை அங்குலச் செங்கல் சுவரில் சிறு அறை கட்டினால் அந்த உறுமலுக்கும் 30 டெசிபல் அளவுக்குத் தடை கிடைக்கும். எங்கள் தெருவில் கொல்லை என்று சொல்லிக்கொள்ளும் இடத்தில் துணி காயப்போடவே சண்டை வரும்.

பெட்டியில் வேறொரு தகராறும் இருக்கிறது. மோட்டார் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத்தான் வெளியேறும். 1.5 கிலோவாட் வெப்பத்தை, உள்ளே வெளியைவிட 10 டிகிரிக்கு மேல் ஏறாமல் வெளியேற்ற, நிமிடத்துக்கு சுமார் 275 கன அடி காற்று வேண்டும். கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரி என்றால் பெட்டிக்குள் 50. சாதாரண மோட்டார்கள் சுற்றுப்புற வெப்பம் 40 டிகிரி வரை இருக்கலாம் என்ற கணக்கில்தான் செய்யப்படுகின்றன. ஐரோப்பியக் குளிரில் செய்து காட்டும் அழகான மூடிய பெட்டிகளை அப்படியே இங்கே செய்தால், மே மாதத்தில் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகும்.

காற்றுக்கு வழிவிட்டால் சத்தத்துக்கும் வழி திறக்கிறது. பெட்டியின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, சுவர் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. பத்தில் ஒரு பங்கு திறந்திருந்தால் 10 டெசிபல்தான். அதனால் காற்று வரும் வழியையும் போகும் வழியையும் நேராக வைக்காமல், உட்புறம் ராக்வூல் ஒட்டிய பாதையில் இரண்டு முறையாவது மடக்கிவிட வேண்டும். காற்று மடங்கிப் போகும், மேல்சுருதிச் சத்தம் ஒவ்வொரு மடக்கிலும் ராக்வூலில் மோதிச் சாகும். நுழைவழி கீழே, வெளிவழி மேலே, எக்ஸாஸ்ட் ஃபேன் வெளிவழியில். ராக்வூலின் இழைகள் காற்றில் கலக்காமல் இருக்கக் கண்ணாடியிழைத் துணியால் மூடிவிட வேண்டும். ஸ்பிரே வேலை செய்பவர்கள் இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: லாக்கர் ஆவி தீப்பிடிக்கும். கம்ப்ரசரும் அதன் சுவிட்சும் ஃபேனும் லாக்கர் அடிக்கும் அறையின் காற்றை உறிஞ்சாதபடி வெளிக்காற்றில்தான் இயங்க வேண்டும்.

தெர்மோகோல் ஒட்டுவது, முட்டை அட்டை ஒட்டுவது ஆகியவற்றைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. தெர்மோகோலுக்கு எடையும் இல்லை, காற்று புகும் துளைகளும் இல்லை, அதனால் அது சத்தத்தைத் தடுப்பதும் இல்லை, உறிஞ்சுவதும் இல்லை. இரண்டும் தீயை மட்டும் நன்றாக வரவேற்கும்.

நான் பெட்டி செய்யவில்லை. உருளைச் சைலன்சர், கால்களுக்கு அடியில் அளந்து வெட்டிய ரப்பர், அறையின் நடுவாக்கில் புது இடம், நெகிழும் ஹோஸ் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டேன். ஆயாவின் மகன் கட்டிலைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளிப் போட்டதும் இந்தப் பட்டியலில் சேர வேண்டியதுதான், ஒலியியல் கணக்கில் அதற்கும் மதிப்பு உண்டு. இரவு எட்டு மணிக்கு மேல் ஓட்டுவதில்லை என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். “இப்ப பரவால்ல, நைனா. இருக்குதுன்னு தெரியுது, அவ்ளோதான்” என்பது அவர் தீர்ப்பு.

கம்ப்ரசர் அடங்கியதும் வரிசையில் அடுத்தது தலைதூக்கிவிட்டது: மரத்தூளை ஊதித் தள்ளும் பைப் கன். அதன் நுனி வெறும் துளை என்பதால் காற்று ஒலியின் வேகத்தை எட்டிச் சீறுகிறது, காதருகே 90 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் நிறுவனம் 85 டெசிபலுக்கு 8 மணி நேரம் என்று பரிந்துரைத்து, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்குகிறது. அப்படிப் பார்த்தால் 94இல் ஒரு மணி நேரம்தான். பக்கவாட்டுத் துளைகள் வழியாகச் சுற்றியுள்ள காற்றையும் சேர்த்து இழுத்து ஊதும் நுனிகள் விற்கிறார்கள், அதை மாட்டி ஒழுங்குபடுத்தியில் அழுத்தத்தை 2 பாருக்கு இறக்கினால் தூள் அதே போலப் போகிறது, சீறல் பெருமளவு குறைகிறது. காதடைப்பானையும் மாட்டிக்கொண்டுதான் ஊதுகிறேன். பெரும்பாலான போர்டுகளுக்கு ஒரு தூரிகையே போதும் என்று இப்போது தோன்றத் தொடங்கியிருக்கிறது.